மிடி கீபோர்டில் விரலின் வேகமும் ஸ்வரத்தின் வளைவும்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதல் மிடி கீபோர்டை வாங்கிக் கம்ப்யூட்டரில் செருகி வாசிக்க ஆரம்பித்தவர்களிடமிருந்து இரண்டு புகார்கள் தவறாமல் வரும். "லேசாகத் தொட்டாலே அலறுகிறது" என்பது ஒன்று (சிலருக்கு இது தலைகீழ், எவ்வளவு ஓங்கி அடித்தாலும் சத்தம் எழும்பாது). "ஸ்வரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் வீலைத் தள்ளினால் ஒரு ஸ்வரம்தான் நகர்கிறது, அதற்கு மேல் போக மாட்டேன் என்கிறது" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் கீபோர்டைக் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. எந்தப் பக்கம் கை வைக்க வேண்டும் என்று தெரிந்தால் அரை மணி நேரத்தில் சரியாகிவிடும்.

இரண்டு பக்கங்கள் இருக்கின்றன. அனுப்பும் பக்கம் கீபோர்டு. வாங்கும் பக்கம் கம்ப்யூட்டரில் இருக்கும் வாத்திய மென்பொருள். மிடி என்பது இந்த இரண்டும் பேசிக்கொள்ளும் பொதுமொழி. மிடி கன்ட்ரோலருக்குள், அதாவது இந்தக் கீபோர்டுக்குள், ஒலி எதுவும் கிடையாது. நீங்கள் ஒரு கீயை அழுத்தும்போது அது எண்களை மட்டும் அனுப்புகிறது: எந்தக் கீ என்பதற்கு 0 முதல் 127 வரை ஓர் எண், எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்பதற்கு 1 முதல் 127 வரை இன்னோர் எண். 1983-இல் மிடி வந்த நாளிலிருந்து இந்த அடிப்படை மாறவில்லை. இந்த இரண்டாவது எண்ணுக்குத்தான் வெலாசிட்டி என்று பெயர். அது சத்தமாக மாறுவது மென்பொருளில். ஆகவே எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, எண் தப்பாகப் போகிறதா அல்லது சரியாக வந்த எண்ணை அந்தப் பக்கம் தப்பாக எடுத்துக்கொள்கிறதா என்பதுதான்.

முதலில் எண்களைப் பாருங்கள்

காதை நம்பி எதையும் திருகுவதற்கு முன் எண்களைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. சுலபமான வழி, நீங்கள் பயன்படுத்தும் ரெக்கார்டிங் மென்பொருளிலேயே இருக்கிறது. ரீப்பர், க்யூபேஸ், எஃப்எல் ஸ்டுடியோ, லாஜிக், ஏபிள்டன் லைவ் எதுவானாலும் சரி. ஒரு டிராக்கில் பியானோ ஒலியைப் போட்டு, கொஞ்சம் வாசித்துப் பதிவுசெய்து, பியானோ ரோலைத் திறந்தால் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கீழே ஒரு குச்சி நிற்கும். குச்சியின் உயரம்தான் வெலாசிட்டி.

வாசிக்கும்போதே எண்கள் ஓடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் விண்டோஸில் மிடி-ஆக்ஸ், மேக்கில் மிடி மானிட்டர் ஆகிய இலவச மென்பொருள்கள் உண்டு. மிடி-ஆக்ஸ் எண்களைப் பதினாறின் அடிமானத்தில் காட்டும். '7எஃப்' என்று வந்தால் 127, '40' என்று வந்தால் 64 என்று படிக்க வேண்டும். விண்டோஸில் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் கீபோர்டைப் பிடித்துக்கொள்ளும். அதனால் இதைத் திறப்பதற்கு முன் ரெக்கார்டிங் மென்பொருளை மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் கீபோர்டே இணையவில்லை என்று தோன்றும்.

இந்தப் பழக்கத்தை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஒரு பாட்டுக்குப் பியானோ பதிவுசெய்துவிட்டு, ஒலி கரடுமுரடாக இருக்கிறதே என்று இரண்டு மாலைகள் ஈக்யூவை (ஒலியின் தாழ்ந்த, உயர்ந்த பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) திருகிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள்தான் பியானோ ரோலைத் திறந்தேன். அத்தனை குச்சிகளும் ஒரே உயரம், 127. கீபோர்டில் வெலாசிட்டியை ஒரே எண்ணில் நிறுத்தி வைக்கும் ஏற்பாடு எப்போதோ கைபட்டு இயங்கியிருந்தது. முழுப் பாட்டையும் மறுபடி வாசிக்க வேண்டி வந்தது. முதல் நாளே ஒரு நிமிடம் பார்த்திருந்தால் அந்த இரண்டு மாலைகள் மிஞ்சியிருக்கும்.

விரலுக்குக் கீபோர்டைப் பழக்குவது

வெலாசிட்டி என்பது அழுத்தம் இல்லை, வேகம். ஒவ்வொரு கீக்கு அடியிலும் இரண்டு தொடுபுள்ளிகள் இருக்கும். கீ இறங்கும்போது முதல் புள்ளி ஒன்றுசேரும், பிறகு இரண்டாவது. இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஆனது என்று கீபோர்டு அளக்கிறது. நேரம் குறைந்தால் எண் பெரிது. கீயை மெதுவாக இறக்கி, அடியில் போய் எவ்வளவு பலமாக அமுக்கினாலும் சத்தம் கூடாததற்கு இதுதான் காரணம். அடியில் அமுக்குவதை அளக்கும் வசதிக்கு ஆஃப்டர்டச் என்று பெயர். விலை குறைந்த கீபோர்டுகளில் பெரும்பாலும் அது கீகளில் இருக்காது.

சோதனைக்கு முன் உட்காரும் இடத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். கட்டிலில் கீபோர்டை வைத்துக் குனிந்து அடிக்கும் வேகம் வேறு, மேசையில் முழங்கை சமமாக இருக்கும்போது வரும் வேகம் வேறு. எந்த நிலையில் தினமும் வாசிக்கப் போகிறீர்களோ அதே நிலையில் அளக்க வேண்டும்.

இப்போது நடு ஸ்தாயியில் ஒரு வெள்ளைக் கீயை எடுத்துக்கொள்ளுங்கள். தூங்கும் குழந்தை பக்கத்தில் இருக்கிறது என்று நினைத்துப் பத்து முறை. சாதாரணமாகப் பாட்டு வாசிக்கும் கனத்தில் பத்து முறை. உற்சாகமாக ஓங்கிப் பத்து முறை. பதிவுசெய்து குச்சிகளைப் பாருங்கள். மெதுவானவை 20 முதல் 40 வரை, நடுத்தரம் 60 முதல் 85 வரை, ஓங்கியவை 105-க்கு மேல் என்று மூன்று தெளிவான கூட்டங்கள் தெரிந்தால் உங்கள் கீபோர்டும் விரலும் ஒத்துப்போகின்றன, எதையும் மாற்ற வேண்டாம். இந்த அளவுகள் சட்டமில்லை, என் அனுபவத்தில் வசதியாக இருப்பவை. மூன்று கூட்டங்களும் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்பதுதான் முக்கியம்.

நடுத்தரமாக வாசித்ததே 110, 120 என்று போய், ஓங்கியவை எல்லாம் 127-இல் முட்டி நின்றால் கீபோர்டு உங்கள் கைக்கு அதிகமாகக் கூசுகிறது. எவ்வளவு அடித்தாலும் 90-ஐத் தாண்டவில்லை என்றால் அது மந்தமாக இருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வெலாசிட்டி கர்வ். விரலின் வேகத்தை எந்த எண்ணாக மாற்றுவது என்று கீபோர்டு வைத்திருக்கும் கணக்குதான் அது. நேர்கோடாக இருந்தால் வேகத்துக்கு ஏற்ப எண் சீராக ஏறும். மேல்நோக்கி வளைந்திருந்தால் மெல்லிய தொடலிலேயே எண் உயர்ந்துவிடும். விரலில் பலம் குறைந்தவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இது பொருந்தும். கீழ்நோக்கி வளைந்திருந்தால் பெரிய எண் வர நிஜமாகவே ஓங்க வேண்டும்.

இந்தக் கர்வ்களுக்கு 'சாஃப்ட்', 'நார்மல்', 'ஹார்டு' என்று பெயர் வைத்திருப்பார்கள், சிலவற்றில் வெறும் 1, 2, 3. இந்தப் பெயர்களை நம்ப வேண்டாம். மெதுவாகத் தொட்டாலே போதும் என்ற பொருளிலும் 'சாஃப்ட்' வரலாம், மெதுவாக ஒலிக்கும் என்ற பொருளிலும் வரலாம். மாற்றியதும் அதே முப்பது தட்டல்களை மறுபடி பதிவுசெய்து பாருங்கள், எண் சொல்வதுதான் உண்மை.

எங்கே மாற்றுவது என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். எம்-ஆடியோ கீஸ்டேஷன் போன்றவற்றில் 'அட்வான்ஸ்டு' என்ற பட்டனை அழுத்தினால் கீகளே அமைப்புப் பட்டன்களாக மாறும். எந்தக் கீ எதற்கு என்று கீகளுக்கு மேலேயே அச்சிட்டிருப்பார்கள். நோவேஷன் லாஞ்ச்கீ வரிசையில் செட்டிங்ஸ் பக்கத்தில் இருக்கும். ஆர்ட்டூரியாவுக்கு மிடி கன்ட்ரோல் சென்டர் என்று கம்ப்யூட்டரில் நிறுவ வேண்டிய எடிட்டர் மென்பொருள் உண்டு. எடிட்டர் வழியாக மாற்றினால் கீபோர்டுக்கு அனுப்பிச் சேமிக்க வேண்டும். திரையில் மாறியது கீபோர்டுக்குள் போகாமலேயே இருந்துவிடுவது ரொம்ப சாதாரணமாக நடக்கும். அப்புறம், பேடுகளுக்கான (தாளம் தட்டும் ரப்பர் கட்டங்கள்) அமைப்பு பெரும்பாலும் தனி. கீகளைச் சரிசெய்துவிட்டு பேடுகள் ஏன் மாறவில்லை என்று குழம்ப வேண்டாம்.

கர்வை மாற்றியும் சில இடங்கள் ஒத்துவராமல் இருக்கும். அதற்குக் காரணம் கீயின் உடலமைப்பு. கீ பின்பக்கத்தில்தான் கீலில் தொங்குகிறது, அதனால் நுனியில் அழுத்தினால் இலகுவாக இறங்கும், உள்ளே தள்ளி அழுத்தினால் கனக்கும். சின்னக் கீபோர்டுகளில் கறுப்புக் கீகளுக்கு இடையில் விரலை நுழைத்து வெள்ளைக் கீயை அழுத்தும்போது எண் பொத்தென்று விழுவதைப் பார்க்கலாம். ஒரே கீயை நுனியில் ஐந்து முறை, உள்ளே ஐந்து முறை ஒரே கனத்தில் வாசித்துப் பாருங்கள். எவ்வளவு குறைகிறது என்று தெரிந்துவிட்டால் விரல் அதைத் தானாகவே ஈடுகட்டப் பழகிக்கொள்ளும்.

வாங்கும் பக்கத்திலும் வெலாசிட்டியை மாற்ற முடியும். ஏபிள்டன் லைவில் அதற்கென்றே 'வெலாசிட்டி' என்ற மிடி எஃபெக்ட் இருக்கிறது, பியானோடெக் போன்ற பியானோ மென்பொருள்களில் உங்கள் கைக்கு ஏற்றபடி கர்வையே வரைந்துகொள்ளலாம். கீபோர்டில் இருக்கும் மூன்று நான்கு கர்வ்களில் எதுவும் பொருந்தாதபோது இவை கைகொடுக்கும். ஆனால் வரிசையை மாற்றக் கூடாது. முதலில் கீபோர்டு, பிறகுதான் மென்பொருள். கீபோர்டே எல்லாவற்றையும் 127 என்று அனுப்பிவிட்டால், நீங்கள் மெதுவாக வாசித்ததும் ஓங்கி வாசித்ததும் ஒரே எண்ணாகிவிடுகிறது. அந்த வித்தியாசத்தை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மாற்றுவதும் வேண்டாம், எது எதைச் செய்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

சோதிப்பதற்கு நல்ல பியானோ ஒலி ஒன்று வேண்டும். சலமாண்டர் கிராண்ட் பியானோ என்பது யமஹா சி5 பியானோவிலிருந்து பதிவுசெய்த இலவசத் தொகுப்பு. பதிவுக்கு எடுத்த ஸ்வரங்கள் ஒவ்வொன்றையும் 16 வெவ்வேறு கனங்களில் பதிவுசெய்திருக்கிறார்கள். ஸ்ஃபோர்சாண்டோ என்ற இலவச பிளேயரில் திறக்கலாம். எண் மாறும்போது சத்தத்தோடு சேர்ந்து ஒலியின் குணமும் மாறுவதை இதில் நன்றாகக் கேட்கலாம். இரண்டே கனங்களில் பதிவுசெய்த தொகுப்பில் சோதித்தால் ஒரு எண்ணைத் தாண்டியதும் ஒலி சட்டென்று தாவும்; அது உங்கள் கீபோர்டின் குறையில்லை.

எல்லா வாத்தியத்துக்கும் இந்த நுட்பம் வேண்டும் என்பதில்லை. ஆர்மோனியத்தில் கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்தினாலும் சத்தம் மாறாது, துருத்தி போடும் கைதான் அதைத் தீர்மானிக்கிறது. ஆர்கனும் அப்படியே. இவற்றை வாசிக்கும்போது வெலாசிட்டியை 100 போல ஒரே எண்ணில் நிறுத்திவிட்டு, துருத்தியின் வேலையை எக்ஸ்பிரஷன் எனப்படும் 11-ஆம் எண் கன்ட்ரோலரிடம் கொடுங்கள் (இங்கே கன்ட்ரோலர் என்பது கீபோர்டு இல்லை, மிடியில் எண்ணிட்டு வைத்திருக்கும் ஒரு கட்டுப்பாட்டுச் செய்தி). ஒரு நாப்பையோ பெடலையோ அதற்கு ஒதுக்கினால் மூச்சு விடுவதுபோல் ஒலி ஏறி இறங்கும். முடிந்ததும் பழைய கர்வுக்கு மறக்காமல் திரும்புங்கள்.

பிட்ச் பெண்ட்: வீல் எவ்வளவு தூரம் இழுக்க வேண்டும்?

கர்வைத் தேடிய அதே இடத்தில் இதையும் தேடுபவர்கள் அதிகம். பெரும்பாலான கீபோர்டுகளில் அது அங்கே கிடைக்காது. வீலைத் தள்ளும்போது கீபோர்டு அனுப்புவது 0 முதல் 16383 வரை ஓர் எண். நடுவில் ஓய்வாக இருக்கும்போது 8192. "முழுவதும் மேலே தள்ளிவிட்டார்" என்று மட்டும்தான் அது சொல்கிறது. முழுவதும் என்றால் எத்தனை ஸ்வரம் என்பதை முடிவுசெய்வது வாங்கும் பக்கம்.

பெரும்பாலான மென்பொருள் வாத்தியங்களில் அது மேலே 2, கீழே 2 செமிடோன் என்று இருக்கும். செமிடோன் என்பது அடுத்தடுத்த இரண்டு கீகளுக்கு நடுவில் உள்ள தூரம், கறுப்பையும் சேர்த்து. மாற்ற வேண்டுமானால் வாத்தியத்தின் திரையில் 'பெண்ட்', 'பெண்ட் ரேஞ்ச்' என்று தேடுங்கள். சீரம், வைட்டல் போன்ற சிந்தசைசர்களில் முன்பக்கத்திலேயே இருக்கும். சில பியானோ தொகுப்புகளில் வீலே வேலை செய்யாது. பியானோவுக்குத் தேவையில்லை என்று விட்டிருப்பார்கள். வேறு வாத்தியத்தில் போட்டுப் பார்க்காமல் வீல் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

திரையில் எங்கும் இல்லாவிட்டால், அல்லது தனியாக நிற்கும் ஒலிப்பெட்டியை இயக்குகிறீர்கள் என்றால், மிடி வழியாகவே கட்டளை அனுப்பலாம். கன்ட்ரோலர் 101-க்கு 0, 100-க்கு 0, பிறகு 6-ஆம் எண்ணுக்கு வேண்டிய செமிடோன், உதாரணமாக 7. கடைசியில் 101-க்கும் 100-க்கும் 127 அனுப்பி வாசலை மூடிவிட வேண்டும். மூடாமல் விட்டால் பிறகு 6-ஆம் எண்ணில் எது வந்தாலும் வளைவின் அளவு மாறிப்போகும்.

சரி, எவ்வளவு வைப்பது? பெரிய எண்ணாக வைத்தால் நிறைய வாசிக்கலாம் என்று தோன்றும். நம் சங்கீதத்தை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்வது, 2-இல் தொடங்குங்கள்.

தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கட்டை சுருதியில், அதாவது 'சி'யை ஸட்ஜமாக வைத்தால், சாதாரண காந்தாரம் மூன்றாவது செமிடோனில் இருக்கும் கறுப்புக் கீ. அந்தக் காந்தாரம் அங்கே அசையாமல் நின்றால் அது தோடி ஆகாது. கீழே சுத்த ரிஷபத்துக்கும் மேலே சுத்த மத்யமத்துக்கும் நடுவில் ஆட வேண்டும். ரிஷபம் முதல் செமிடோனில், மத்யமம் ஐந்தாவதில். காந்தாரத்திலிருந்து கீழே சரியாக 2, மேலே சரியாக 2! காந்தாரக் கீயை வலது கையால் பிடித்துக்கொண்டு இடது கையால் வீலை மேலே முழுவதும் தள்ளினால் மத்யமம், கீழே முழுவதும் இழுத்தால் ரிஷபம். வீலின் முழு நீளமும் ஒரு கமகத்துக்குக் கிடைக்கிறது, சுருதி தப்பும் பயமும் இல்லை. கடைசி வரை போனாலும் ஒரு ஸ்வரத்தில்தான் போய் நிற்கும். இதே காந்தாரத்தை 12 என்று வைத்த வீலில் வாசித்துப் பாருங்கள். மத்யமம் வீலின் ஆறில் ஒரு பங்கிலேயே வந்துவிடும். மயிரிழை தவறினாலும் ஸ்வரம் வேறு இடத்துக்குப் போய்விடும்.

நீண்ட ஜாரு வேண்டுமென்றால் 2 போதாது. ஸட்ஜமத்திலிருந்து பஞ்சமத்துக்கு வழுக்கிச் செல்ல 7 வேண்டும், பஞ்சமத்திலிருந்து மேல் ஸட்ஜமத்துக்கு 5. இங்கே ஒரு கைப்பழக்கம் சொல்லித் தருகிறேன். அளவை 7 என்று வையுங்கள். வீலை முதலிலேயே கீழே முழுவதும் இழுத்து வைத்துக்கொண்டு பஞ்சமக் கீயை அழுத்துங்கள். கேட்பது ஸட்ஜமம். இப்போது வீலை மெல்ல விட்டுக்கொண்டே வந்தால் ஒலி ஏறி, வீல் நடுவுக்கு வந்ததும் பஞ்சமத்தில் துல்லியமாக நிற்கும். வீலின் ஸ்பிரிங்கே உங்களைச் சுருதியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கீழிருந்து கிளம்பி நடுவில் முடிப்பது எப்போதும் பத்திரம், நடுவில் கிளம்பி எங்கோ ஓரிடத்தில் நிறுத்துவதுதான் கஷ்டம்.

அளவைப் பெரிதாக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மிடியில் 16384 படிகள் இருந்தாலும், விலை குறைந்த சில கீபோர்டுகளின் வீல் 128 படிகளைத்தான் அனுப்பும். ஒரு செமிடோன் 100 சென்ட். அளவு 2 என்றால் மொத்தத் தூரம் 400 சென்ட், ஒரு படிக்கு 3 சென்ட்தான், காதுக்குத் தெரியாது. அளவு 12 என்றால் 2400 சென்ட், ஒரு படிக்குக் கிட்டத்தட்ட 19. வழுக்க வேண்டிய இடத்தில் ஒலி படிக்கட்டு ஏறும். பதிவுசெய்த வயலின், புல்லாங்குழல் ஒலிகளை அவ்வளவு தூரம் இழுத்தால் ஒலியின் நிறமும் கெட்டுப்போகும்.

வீலின் செய்தி அந்தச் சேனலில் (மிடி செய்திகள் போகும் தடம்) ஒலிக்கும் எல்லா ஸ்வரங்களையும் சேர்த்தே வளைக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். தம்புரா ஒலியையோ பிடித்திருக்கும் ஸட்ஜமத்தையோ தனி டிராக்கில், தனிச் சேனலில் வைத்தால்தான் அது அசையாமல் இருக்கும். கையை எடுத்தபின் எண் 8192-க்குத் திரும்புகிறதா என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். திரும்பாமல் தள்ளி நின்றால் வாசிப்பது முழுவதும் சுருதி விலகியே கேட்கும்.

ஆக்டேவும் கட்டையும்

25 கீ உள்ள கீபோர்டில் இரண்டு ஸ்தாயிதான். ஆக்டேவ் பட்டனை ஒரு முறை அழுத்தினால் எல்லாம் 12 செமிடோன் நகரும். பல மாடல்களில் இரண்டு பட்டன்களையும் சேர்த்து அழுத்தினால் பழைய இடத்துக்கு வரும். கீயைப் பிடித்துக்கொண்டே இந்தப் பட்டனை அழுத்த வேண்டாம், சிலவற்றில் ஸ்வரம் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். இன்னொரு பொறி: வயலின் போன்ற தொகுப்புகளில் கீழ் ஸ்தாயிக் கீகளை வாசிப்பு முறை மாற்றும் பட்டன்களாக வைத்திருப்பார்கள். ஆக்டேவைக் கீழே இறக்கிவிட்டு அங்கே ஒன்றைத் தொட்டால் நீளமான வில் ஒலி திடீரென்று விரல் மீட்டும் ஒலியாக மாறும். திரையில் அந்தக் கீகளைத் தனி நிறத்தில் காட்டியிருப்பார்கள்.

டிரான்ஸ்போஸ் ஒவ்வொரு செமிடோனாக நகர்த்துவது. பாடகருடன் வேலை செய்யும்போது இதுதான் தினமும் தேவைப்படும். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை 'சி'யிலிருந்து எண்ணுவதால் 'சி' ஒரு கட்டை, 'டி' இரண்டு, 'இ' மூன்று, 'எஃப்' நான்கு, 'ஜி' ஐந்து. நடுவில் வரும் கறுப்பு அரைக் கட்டை. ஐந்தரைக் கட்டையில் பாடுகிறவருக்கு 'சி'யில் விரல் வைத்தபடியே வாசிக்க வேண்டுமானால் டிரான்ஸ்போஸை மேலே 8 அல்லது கீழே 4 என்று வையுங்கள். இரண்டும் அதே ஸ்வரம்தான், ஸ்தாயி மட்டும் வேறு.

இதைக் கீபோர்டில் வைப்பதா, மென்பொருளில் வைப்பதா என்பதை ரெக்கார்டிங்குக்கு முன்பே முடிவுசெய்துவிடுங்கள். இரண்டிலும் வைத்தால் 8-உம் 8-உம் சேர்ந்து 16 ஆகும். கீபோர்டில் வைத்தால் பியானோ ரோலில் பதிவாவதே நகர்ந்த ஸ்வரம்தான். நேரடியாக மேடையில் வாசிக்க அது வசதி. வீட்டில் பதிவுசெய்யும்போது நான் கீபோர்டை 0-இல் விட்டுவிட்டு, டிராக்கை ஒலிக்கவிடும்போது நகர்த்தும் டிரான்ஸ்போஸில்தான் எண்ணைப் போடுகிறேன். பாடகர் மறுநாள் வந்து தொண்டை சரியில்லை, ஐந்து கட்டைக்கு இறக்கலாமா என்று கேட்டால், 8-ஐ 7 ஆக்கினால் போதும், ஒரு ஸ்வரத்தையும் மறுபடி வாசிக்க வேண்டியதில்லை.